திரை கேட்காத கேள்வி



சென்ற ஞாயிறு திருப்பலி முடிவில் நான் வாசித்த அறிவித்தல் மூன்றே வரிகள். புதன்கிழமை மாலைகளில் நமது பங்கு மண்டபத்தின் சிறிய அறையை, அகதிகளாகவும் குடியேறிகளாகவும் இந்நகருக்கு வந்துள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுகிறோம். அவர்களோடு அமர்ந்து நோர்வேஜிய மொழியில் உரையாடப் பெரியவர்கள் தேவை. விருப்பமுள்ளோர் பெயர் தாருங்கள். அம்மூன்று வரிகளுக்குத் தேநீர் வேளையில் கிடைத்த மறுமொழியோ ஒரு மணி நேரம் நீண்டது. சிலர் நேரில் கேட்டீர்கள். சிலர் இரவில் வைபரில் எழுதினீர்கள். பெரும்பாலானவை ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்: "மொழி படிக்கச் செயலிகள் வந்துவிட்டன, பாடசாலையே ஐபாட் கொடுக்குது, பிறகு நாங்கள் அங்க போயிருந்து என்ன செய்யிறது, சுவாமி?"

நியாயமான கேள்விதான். மறையுரையில் விடை சொன்னால் நீங்கள் இடைமறித்துக் கேட்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இம்முயற்சி உண்மையில் கடந்த இலையுதிர் காலத்திலேயே ஓசையின்றித் தொடங்கிவிட்டது. தொடங்கிவைத்தவன் ஒன்பது வயதுச் சிறுவன். எரித்திரியாவிலிருந்து தாயுடன் வந்தவன். பெயரை எழுதப்போவதில்லை, காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். தாய் துப்புரவு வேலை முடித்து வரும்வரை, மண்டபத்தின் வெப்பமூட்டிக்கு அருகே ஐபாட்டுடன் அமர்ந்திருப்பான். ஒரு படம் தோன்றும், அதற்குரிய சொல்லைத் தொடுவான், மணி ஒலிக்கும், நட்சத்திரம் விழும். தொண்ணூற்றிரண்டு நாட்கள் ஒருநாளும் தவறாமல் பயின்றிருப்பதாகத் திரை அவனைப் பாராட்டிக்கொண்டிருந்தது. நானும் பாராட்டினேன். பிறகு அருகே அமர்ந்து, "இன்று உணவுப் பெட்டியில் என்ன கொண்டு போனாய்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். பின்பு திரையைப் பார்த்தான், அங்கே நான்கு தெரிவுகள் தோன்றும் என்று எதிர்பார்த்தவன் போல. பாண், பால், மீன், ஆப்பிள் எல்லாமே அவனுக்குத் தெரிந்த சொற்கள். ஐந்து நிமிடங்களுக்கு முன்னர்தான் அவற்றைத் தொட்டு நட்சத்திரம் வாங்கியிருந்தான். ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் அவன் வாயிலிருந்து வரவில்லை. தன் வயிற்றுக்குள் போன பாணையும் திரையில் கண்ட பாணையும் இணைத்துப் பார்க்குமாறு அந்த மூன்று மாதங்களில் யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை.

அவனைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. இந்நாட்டுக்கு அனுப்பப்படுவது உறுதியானபின், யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே பதினொரு மாதங்கள் நானும் ஒரு செயலியில் பயின்றேன். கரடி என்ன குடிக்கிறது, ஆமை யாருடையது என்பன போன்ற வாக்கியங்களில் நான் வல்லவனானேன். இங்கு வந்து மூன்றாம் கிழமை, நோயில்பூசுதல் வழங்க மருத்துவமனை ஒன்றுக்கு அழைக்கப்பட்டேன். செபங்களைத் தவறின்றி வாசித்தேன். அவை புத்தகத்தில் இருந்தன. முடிந்ததும் அந்த நோர்வேஜிய மூதாட்டி என் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ கேட்டார். விளங்கவில்லை. மறுபடியும் கேட்டார். நான் புன்னகைத்துத் தலையசைத்தேன். தாதி வாசலில் வைத்துச் சொன்னார்: "சாவுக்குப் பயப்படுவது பாவமா என்று கேட்டார். நீங்கள் ஆம் என்று தலையசைத்தீர்கள்."

மறுநாள் விடியற்காலை, சொல்லவேண்டிய வாக்கியத்தைத் தாளில் எழுதிக்கொண்டு திரும்பப் போனேன். அவர் உறக்கத்தில் இருந்தார். மகளிடம் அதை வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன். அந்தத் தாள் இன்றும் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

இதனால் நான் செயலிகளை இகழ்கிறேன் என்று எண்ணவேண்டாம். சொற்களஞ்சியத்தைப் பெருக்கவும், ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவும், பிழைவிட்டால் எவரும் சிரிக்கமாட்டார் என்ற துணிவோடு பயிலவும் அவை நல்ல கருவிகள். அவற்றிலே மிகச் சிறந்த ஒரு முயற்சியை முன்னெடுத்ததே நாம் வாழும் இந்நாடுதான். அக்கதை நம்மவருள் பலருக்குத் தெரியாது.

சிரியப் போரால் பெருந்தொகையான பிள்ளைகள் பாடசாலையை இழந்தார்கள். பலர் முகாம்களிலும் அயல்நாட்டு நகரங்களின் வாடகை அறைகளிலும் இருந்தார்கள். பள்ளி இல்லை, நூல் இல்லை. ஆனால் பெற்றோரிடம் கைத்தொலைபேசி இருந்தது. இதைக் கண்ட நோர்வேயின் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமையான நோராட், 2016 இல் ஒரு போட்டியை அறிவித்தது: சிரியப் பிள்ளைகள் வாசிக்கப் பழகுவதற்கு, அவர்கள் விரும்பி விளையாடக்கூடிய கைத்தொலைபேசி விளையாட்டொன்றை உருவாக்குங்கள். 2017 இல் இரண்டு விளையாட்டுகள் வென்றன. ஒன்றில் எழுத்துகளுக்குக் கால் முளைத்திருக்கும், அவை ஓடும், ஆந்துரா என்னும் குறும்பு நாய் குறுக்கே பாய்ந்து அவற்றைக் கலைக்கும், பிள்ளை அவற்றை மீண்டும் ஒழுங்கில் சேர்க்கவேண்டும். மற்றதில் ஒரு குட்டிப் பூதத்தின் வாயில் சரியான எழுத்தை ஊட்டவேண்டும். ஊட்ட ஊட்ட அது வளரும். இரண்டும் இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். மூலநிரல் திறந்தே வைக்கப்பட்டிருப்பதால் பிற்பாடு வேறு மொழிகளுக்கும் மாற்றப்பட்டன.

இக்கதையில் நான் உங்களுக்குச் சுட்ட விரும்புவது விளையாட்டை அன்று, மொழியை. நோர்வே தன் மக்களின் வரிப்பணத்தைச் செலவிட்டு அப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முனைந்தது நோர்வேஜிய மொழியை அல்ல, அரபு மொழியை. ஏன்? எந்த மொழியைக் கேட்டு வளர்ந்ததோ அந்த மொழியிலேயே ஒரு பிள்ளை எளிதாக வாசிக்கக் கற்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒரு மொழியில் பிடித்துக்கொண்ட பிள்ளை, வேறு மொழிக்குப் போகும்போது அதை மீண்டும் அடியிலிருந்து கற்கவேண்டியதில்லை. புதிய எழுத்துகளை மட்டும் பழகினால் போதும்.

இன்னொரு செய்தி. லெக்சின் என்னும் இலவச இணைய அகராதி இந்நாட்டில் குடியேறியோருக்கென்றே பொதுச் செலவில் நடத்தப்படுகிறது. அதில் நோர்வேஜிய–தமிழ் அகராதியும் உண்டு; திக்ரிஞ்ஞா மொழிக்கும் உண்டு. எத்தனை வீடுகளில் இதைத் திறந்து பார்த்திருக்கிறோம்? சென்ற மாதம் இதை நான் சொன்னபோது, முப்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த ஒருவர், "இது முந்தியே தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்" என்று தலையில் கைவைத்தார்.

ஆகவே கருவி நன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. செயலி பிள்ளையிடம் ஆயிரம் வினாக்களைத் தொடுக்கும். ஆனால் அவற்றின் விடைகள் எல்லாம் அதற்கு முன்கூட்டியே தெரியும். தனக்கு விடை தெரியாத கேள்வியை அது கேட்பதே இல்லை. ஒரு மனிதரோ, "இன்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கும்போது உண்மையாகவே அறியாமல் கேட்கிறார்; விடையைச் சொல்லக்கூடியவர் உலகில் அந்தப் பிள்ளை ஒருவரே. அந்தப் பொறுப்பு தன்மேல் விழும்போதுதான் பிள்ளையின் நாவு அசைகிறது.

நம் அம்மம்மாமார் இதை எந்த ஆய்வும் படிக்காமல் அறிந்திருக்கிறார்கள். ஞாயிறு பிற்பகல்களில் உங்கள் வீடுகளுக்கு வரும்போது நான் காண்பது இது: யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ காணொலி அழைப்பில் ஒரு மூதாட்டியின் முகம், பாதி நெற்றியும் மின்விசிறியும் மட்டுமே தெரியும். "பிள்ளை, சாப்பிட்டியோ? என்ன கறி?" என்கிறார். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் வாய் திறக்காத பேரன், இந்தக் கேள்விக்குத் தட்டுத்தடுமாறித் தமிழில் விடை சொல்கிறான். சொல்லாவிட்டால் அம்மம்மாவுக்கு விளங்காது; அவருக்கு வேறு மொழி தெரியாது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுத் தமிழ் வகுப்புகள் சூம் வழியாக நடந்தபோது, பிள்ளைகள் ஒளிப்படக்கருவியை அணைத்துவிட்டு விளையாடப் போன கதையை ஆசிரியைகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதே திரையில், அதே இணையத்தில், அம்மம்மாவின் அழைப்பை எந்தப் பிள்ளையும் அணைத்துவிட்டுப் போனதில்லை. எண்ணிம வழிக் கற்றல் வேண்டுமா வேண்டாமா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருப்பது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது. திரைக்கு அப்பாலோ அருகிலோ பிள்ளையின் விடைக்காகக் காத்திருக்கும் ஓர் ஆள் உண்டா என்பதைத்தான் கேட்கவேண்டும்.

இங்கே பெற்றோரிடம் சற்றுக் கடுமையாகப் பேச அனுமதியுங்கள். புதிதாக வந்த குடும்பங்களிடம் நம்மவர் சிலர், "வீட்டிலயும் நொஸ்க் கதையுங்கோ, அப்பதான் பிள்ளை முன்னேறும்" என்று அறிவுரை சொல்வதை என் காதாற் கேட்டிருக்கிறேன். நல்ல மனத்தோடு சொல்லப்படும் தீய அறிவுரை இது. தாய்க்கு நூறு நோர்வேஜியச் சொற்கள் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு சொற்களுக்குள்தான் அவர் இனித் தன் பிள்ளையைக் கண்டிக்கவும் தேற்றவும் கதை சொல்லவும் வேண்டும். ஐந்து வயதில் அது போதும். பதின்மூன்று வயதில் அந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அழும்போது, கதவுக்கு இப்பால் நிற்கும் தாயிடம் அந்த நூறு சொற்கள் மட்டுமே இருக்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கனடாவின் ரொறன்ரோவில் பணியாற்றிய மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றை எடுத்துரைத்து வந்திருக்கிறார். புலம்பெயர்ந்த பிள்ளை விளையாட்டுத் திடலின் பேச்சுமொழியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பிடித்துக்கொள்ளும்; ஆனால் பாடநூலின் மொழியில், அதாவது காரணம் காட்டவும் ஒப்பிடவும் விளக்கவும் வேண்டிய மொழியில், சகமாணவரை எட்டிப்பிடிக்கக் குறைந்தது ஐந்து ஆண்டுகள், பெரும்பாலும் அதற்கும் மேல், ஆகும். இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் தவறவிடப்படுகிறார்கள். பேச்சு சரளமாக இருக்கிறது. ஆகவே எல்லாம் சரியென்று பெற்றோரும் நம்புகிறார்கள், சில வேளை ஆசிரியரும் நம்புகிறார்கள். செயலியின் நட்சத்திரங்கள் அந்த நம்பிக்கைக்கு மேலும் பூச்சுப் பூசுகின்றன. எட்டாம் வகுப்பில் சமூகக்கல்விக் கட்டுரை எழுதச் சொல்லும்போதுதான் உண்மை வெளிவருகிறது.

சரளமாகப் பேசும் பிள்ளைக்கு வீட்டில் வேறொரு வேலையும் காத்திருக்கிறது. வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், மருத்துவரின் அறை எல்லாவற்றுக்கும் அவனே உரைபெயர்ப்பாளன். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள உரைபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, அவசர நிலை போன்ற சில விலக்குகள் தவிர, பொது நிறுவனங்கள் பிள்ளைகளை உரைபெயர்க்க வைத்தல் கூடாது. சட்டம் அலுவலகத்தின் வாசல்வரைதான் வரும். நம் வீட்டு மேசைக்கு வராது. நான் ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்தில் கேட்டதைச் சொல்லவில்லை, வளர்ந்து பெரியவளாகிய ஒரு பெண் தேநீர் அருந்தியவாறு வெளிப்படையாகவே சொன்னதைச் சொல்கிறேன்: "அம்மாவுக்கு வந்த நோய் என்னவென்று அம்மாவுக்கு முதல் எனக்குத் தெரியும், சுவாமி. எனக்கு அப்ப பன்னிரண்டு வயது. தமிழில அதை எப்படிச் சொல்லிறதெண்டு தெரியாமல், சின்ன வருத்தம் எண்டு சொல்லிப்போட்டன்." அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது நோர்வேஜிய மொழியா, தமிழா? இரண்டும்தான். அதைவிட, அந்த அறையில் அவளுக்குப் பதிலாக அமர்ந்திருக்கவேண்டிய ஒரு பெரியவர்.

இனி, உங்களுள் சிலர் என்னிடம் கேட்ட கடினமான கேள்விக்கு வருகிறேன். "எங்கட பிள்ளையளே தமிழ் கதைக்குதில்லை. மற்றவையின்ர பிள்ளையளுக்கு நொஸ்க் படிப்பிக்கிறதுக்கு எங்கட மண்டபமோ?" கேட்டவர் நல்லவர், இரண்டு தலைமுறைகளாகத் தமிழ்ப் பாடசாலைக்கு உழைத்தவர். அவருக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தபோது, நாம் இந்த மொழியை எப்படிக் கற்றோம் என்பதே விடையாகத் தோன்றியது.

குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் இந்நாட்டுக்கு வந்த கதையை மூத்தவர்கள் அறிவீர்கள். அவருக்குப் பின், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் இளைஞர்கள் பலர் நாட்டார் உயர்பள்ளிகளுக்கு மாணவராக வந்தார்கள். அங்கே தேர்வு இல்லை. நோர்வேஜிய இளைஞரோடு ஓராண்டு ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, பனியில் சறுக்கி விழுந்து எழுந்து மொழி கற்றார்கள். பிறகு பலர் வடகோடியில், ஃபின்மார்க் கரையோரத்து மீன் பதனிடும் ஆலைகளுக்குப் போனார்கள். குளிரில் விறைத்த கைகளால் மீன் துண்டமிட்டபடி, அருகில் நின்ற வயதான பெண்மணியிடமிருந்து வசைச்சொற்கள் உட்பட எல்லாவற்றையும் கற்றார்கள். நம்மை அருகில் நிறுத்தி, நம் பிழைகளைப் பொறுத்து, மீண்டும் சொல்லச் சொன்ன அந்நியர்கள் இருந்தார்கள். அவர்களுள் எவரும், "எங்கள் பிள்ளைகளின் மொழியே கெட்டுப்போகிறது" என்று சொல்லி நமக்கு வாயடைக்கவில்லை.

ஐக்கிய நாடுகள் அகதிகள் முகமையின் கணக்குப்படி, 2024 முடிவில் உலகில் 123.2 மில்லியன் மக்கள் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ 40 வீதத்தினர் பிள்ளைகள். அந்தப் பெருந்தொகைக்கு நாம் எதுவும் செய்ய முடியாது. நம் மண்டபத்துக்கு வருபவர்கள் பதினொரு பேர்.

அப்பதினொருவருக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மீன் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலைசெய்து, ஓய்வுபெற்றபின் மகளோடு வாழ இந்நகருக்கு வந்த நம் பங்கின் முதியவர் ஒருவர், கடந்த ஐப்பசியில் தற்செயலாக அந்த அறைக்குள் வந்தார். குடையைத் தேடி வந்தவர். எரித்திரியச் சிறுவனின் அருகே அமர்ந்து, அவன் திரையில் தோன்றிய மீனைச் சுட்டி, "இது கொட் மீன் இல்லை, பொய் சொல்லுது" என்று நோர்வேஜிய மொழியில் சண்டைக்கு நின்றார். சிறுவன் திரையின் பக்கம் நின்று வாதாடினான். அதுவே அவன் என் காதுபட நோர்வேஜிய மொழியில் பேசிய முதல் முழு வாக்கியம். அடுத்த புதனும் முதியவர் வந்தார். இப்போது அவன் அவரை, நம் பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டு, "அப்பு" என்றே அழைக்கிறான்.

ஒரு சிறு விபரீதமும் விளைந்திருக்கிறது. 'நான்' என்பதற்கு இந்நகரத்தார் சொல்வதுபோல் 'யெய்' என்று சொல்லாமல், வடகோடி மீனவரைப் போல் 'ஏ' என்று அவன் சொல்லத் தொடங்கிவிட்டான். எரித்திரியாவிலிருந்து வந்தவன் ஃபின்மார்க் வழக்கில் பேசுவது எப்படியென்று அவனுடைய ஆசிரியை தாயிடம் கேட்டாராம். பேதுருவை அவருடைய கலிலேயப் பேச்சே காட்டிக்கொடுத்தது. இவனை நம் அப்புவின் பேச்சுக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

அறையில் நாம் பின்பற்றும் முறை எளியது. முதல் இருபது நிமிடங்கள் ஐபாட். அதன்பின் அது மேசையின் நடுவே கவிழ்த்து வைக்கப்படும். அன்று கற்ற சொற்களைக் கொண்டு பெரியவர் பிள்ளையிடம், தமக்கு விடை தெரியாத கேள்விகளைக் கேட்கவேண்டும். உன் வீட்டுச் சாளரத்தில் நின்றால் என்ன தெரியும்? உன் தம்பி எதற்கு அழுவான்? ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கூட்டமாக அல்ல. காது கேளாத, திக்கிப் பேசிய மனிதரை ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றே அவர் காதையும் நாவையும் தொட்டார் என்பதை நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம் இப்போது அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் மொழியிலிருந்து ஒரு சொல்லைப் பெரியவருக்குக் கற்பிக்கவேண்டும். இந்த விதியைச் சேர்த்தது நானல்ல. உக்ரைனியச் சிறுமி ஒருத்தி கேட்டுப் பெற்றுக்கொண்டது. ஒரு புதன்கிழமை எரித்திரியத் தாய் வேலை முடிந்து சற்று முன்னதாகவே வந்து, திக்ரிஞ்ஞா எழுத்துகளைப் பலகையில் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு மெய்யும் உயிரொலி மாறமாறத் தன் உருவத்தைச் சற்றே மாற்றி, வரிசைக்கு ஏழாக நிற்கும். அங்கே நின்ற நம் பிள்ளை ஒருத்தி, பத்து வயது, தமிழ்ப் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று ஒவ்வொரு சனியும் அடம்பிடிப்பவள், "இது எங்கட க, கா, கி, கீ!" என்று கத்தினாள். பிறகு பலகையின் மறுபாதியில் ககர வரிசையைத் தானே எழுதிக் காட்டினாள். கௌ வரை பிழையில்லை. நம் பிள்ளைகளின் தமிழைப் பற்றிக் கவலைப்பட்டவர் அன்று அங்கே இருந்திருக்கவேண்டும்.

சில கட்டுப்பாடுகளும் உண்டு. அவற்றில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அறையில் எவரும் புகைப்படம் எடுக்கக்கூடாது. முகநூலில் இடுவதற்கும் கூடாது. எனக்கு அனுப்புவதற்கும் கூடாது. குரலைப் பதிவுசெய்யும் செயலிகளையும், பிள்ளையின் முழுப்பெயரும் பிறந்த நாளும் கேட்கும் செயலிகளையும் நாம் பயன்படுத்துவதில்லை. இலவசம் என்று வரும் செயலிகள் பல, பிள்ளையைப் பற்றிய தகவல்களையே கூலியாக எடுத்துக்கொள்கின்றன. தன் மகனின் படமும் இருப்பிடமும் வெளியே போவதை ஒரு தாய் ஏன் அஞ்சுகிறார் என்பதை வேறு எந்தப் பங்கிலாவது விளக்கவேண்டியிருக்கலாம். ஊரில் பெற்றோரை விட்டுவந்த நமக்கு விளக்கவேண்டியதில்லை. அறையின் கதவு எப்போதும் திறந்திருக்கும். எந்நேரமும் இரு பெரியவர்களாவது உள்ளே இருப்பார்கள். பிள்ளைகளோடு பணிபுரியும் எவரும் பொலிஸ் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். நானும் பெற்றுக்கொண்டேன்.

மறைநூல் விளக்கம் அங்கே நடைபெறாது. வருபவர்களுள் கத்தோலிக்கர் உண்டு, மரபுவழித் திருச்சபையினர் உண்டு, இசுலாமியர் உண்டு. சிலர் கேட்டதால் சொல்கிறேன்: அவர்களை மனந்திருப்பும் எண்ணம் எனக்கில்லை. 1952 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், புலம்பெயர்ந்த கத்தோலிக்கருக்கு அவர்கள் தாய்மொழியிலேயே ஆன்மீகப் பணி ஆற்றப்படவேண்டும் என்று திருச்சபைக்கு ஒழுங்குவிதி வகுத்தார். இந்நகரில் நமக்குத் தமிழில் திருப்பலி கிடைப்பது அந்த வழியில் வந்த கொடை. நம் மொழிக்கு இடம் கேட்டுப் பெற்றுக்கொண்ட ஒரு சமூகம், அடுத்தவர் பிள்ளையின் மொழிக்கு ஓர் அறையை மறுத்தால், நான் பீடத்தில் நின்று எந்த முகத்தோடு மறையுரை ஆற்றுவது?

உங்களுள் பலர், "எனக்கு இலக்கணம் சரியா வராது, சுவாமி, என்ர நொஸ்க் உடைஞ்ச நொஸ்க்" என்கிறீர்கள். இலக்கணத்தை ஐபாட் பார்த்துக்கொள்ளும். அதில் அது கெட்டிக்காரன். உடைந்த மொழியில் முப்பது ஆண்டுகள் வேலைசெய்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து வாழ்ந்திருக்கிறீர்கள்; பிழையாகப் பேசினாலும் வாழலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? அதிலும் அம்மாமார் வந்தால் நன்று. இதுவரை வந்துள்ள ஏழு பெரியவர்களுள் ஐவர் ஆண்கள். எரித்திரியத் தாய்மாரும் உக்ரைனியத் தாய்மாரும் வாசலிலேயே தயங்கி நிற்கிறார்கள்; உள்ளே ஒரு பெண் அமர்ந்திருந்தால் அவர்களும் வந்து அமர்வார்கள்.

புதன்கிழமை மாலை 5 மணி முதல் 6.30 வரை; மண்டபத்தின் பின்வாசல் வழியாக வாருங்கள். முன்வாசலில் பனி அகற்றப்படவில்லை. பொலிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் பங்கு அலுவலகத்தின் கடிதம் தேவை. ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வரச் சில நாட்கள் எடுக்கும் என்பதால் பிந்தவேண்டாம். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் ஐபாட் இருந்தால், உங்கள் படங்களையும் கணக்குகளையும் அழித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். நான்கு போதும், அதற்குமேல் வேண்டாம். அப்பு தமக்கு ஓர் உதவியாளர் அவசரமாக வேண்டுமென்கிறார். தேநீர் ஊற்றுவதற்கு அல்ல. உக்ரைனியச் சிறுமி இப்போது மீனை விட்டுவிட்டுக் கப்பல் இயந்திரங்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டாளாம். அதில் தமக்கு ஒன்றும் தெரியாதாம்.

இயேசுவில் அன்புடன்,
உங்கள் ஆன்மீகப் பணியாளர்